புறாக் குஞ்சில் ஆண் எது, பெண் எது?

மொட்டை மாடியில் ஹோமர் என்ற பந்தயப் புறா வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆண் புளூ பார், அதாவது நீலச் சாம்பல் உடம்பில் கறுப்புச் சிறகுக் கோடு. பெண் ரெட் பார், அதற்குக் கோடு சிவப்பு. பொரித்த இரண்டு குஞ்சுகளுக்கும் ஒரு மாதம் ஆகப்போகிறது. பெரியது தாய் மாதிரி ரெட் பார், சின்னது தகப்பன் மாதிரி புளூ பார். முதல் முட்டையில் வந்த பெரியது ஆண், இரண்டாவது பெண் என்று பக்கத்துத் தெரு அண்ணன் சொல்கிறார். இன்னொருவர் கால் விரலை அளந்துவிட்டு இரண்டுமே ஆண் என்கிறார். யார் சொல்வது சரி? இரண்டையும் ஜோடியாகவே வைத்துக்கொள்ளலாமா?

நிறத்தைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பதில் அதில்தான் இருக்கிறது. புளூ குஞ்சு பெண். ரெட் குஞ்சு உங்கள் புளூ ஆணுக்குப் பிறந்ததுதான் என்றால், அது ஆண். பக்கத்துத் தெரு அண்ணன் சொன்ன முடிவும் இதேதான். ஆனால் அவர் சொன்ன காரணத்துக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தம் இல்லை. அடுத்த ஈட்டிலும், அதாவது அடுத்த தடவை இடும் ஜோடி முட்டையிலும், அதையே நம்பினால் பாதிக்குப் பாதி தப்பும்.

நிறத்தை வைத்து எப்படிச் சொல்ல முடிகிறது என்றால், பறவைகளில் பால் தீர்மானம் மனிதருக்கு நேர் எதிராக நடக்கிறது. ஆண் புறாவுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெண்ணுக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தகப்பன் எல்லாக் குஞ்சுக்கும் ஒரு இசட் கொடுக்கிறது. தாய், மகனுக்கு இசட்டும் மகளுக்கு டபிள்யூவும் கொடுக்கிறது. புறாவின் அடிப்படை நிறத்தை முடிவு செய்யும் மரபணு அந்த இசட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டபிள்யூவில் அது கிடையாது. ஆகவே மகளின் அடிப்படை நிறம் முழுக்க தகப்பன் வழி வருவது. மகனுக்கு மட்டும் இரு பக்கமிருந்தும் வரும்.

அடிப்படை நிறங்கள் மூன்றுதான்: சாம்பல் கலந்த சிவப்பு, நீலம் அல்லது கறுப்பு, பழுப்பு. சிவப்பு மற்ற இரண்டையும் அமுக்கிவிடும், நீலம் பழுப்பை அமுக்கும். உங்கள் பெண் ரெட் பார். அதனிடம் இருக்கும் ஒரே இசட்டில் சிவப்பு இருக்கிறது. அந்த இசட் எல்லா மகன்களுக்கும் போகும், போனால் மகன் சிவப்பாகத்தான் வெளியே தெரிவான். ரெட் பெண்ணுக்கு நீல மகன் பிறக்க வழியே இல்லை. எனவே ரெட் தாயின் கூட்டில் நீலக் குஞ்சு வந்தால் அது மகள். தகப்பன் யாராக இருந்தாலும் இது மாறாது.

ரெட் குஞ்சு விஷயத்தில் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தேன். நீலத் தகப்பனிடம் கொடுக்கச் சிவப்பே கிடையாது. ஆகவே குஞ்சுக்குச் சிவப்பு தாயிடமிருந்து வந்திருக்கிறது, தாயின் இசட் வந்திருப்பதால் அது மகன். ஆனால் அதே கூண்டில் வேறு ரெட் ஆண் ஒன்றும் திரிந்திருந்தால் இந்தக் கணக்கு நிற்காது. புறா ஜோடி விசுவாசமானது என்று ஊரெல்லாம் சொன்னாலும், பல ஜோடிகள் ஒன்றாக இருக்கும் கூண்டில் பெண் புறா பக்கத்து ஆணுக்கும் இணங்குவது நடக்கிற காரியம்தான். ஒரே ஜோடிதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் கவலை இல்லை.

இதை முடிவாக எடுத்துக்கொள்ளும் முன் உங்கள் தாய்ப் புறாவின் வாலை ஒரு தடவை விரித்துப் பாருங்கள். ரெட் பார் என்றால் உடம்பு சாம்பல், கழுத்தில் செம்மை, சிறகில் இரண்டு சிவப்புக் கோடு, வாலும் பெரிய இறக்கை இறகுகளும் வெளுத்த சாம்பல். வால் நுனியில் கறுப்புப் பட்டை இருக்கவே கூடாது. புளூ பாரில் அந்தப் பட்டை பளிச்சென்று தெரியும். வால், இறக்கை என்று எல்லாமே செங்கல் நிறத்தில் ஒரே சீராகச் சிவந்த புறா வேறு வகை. அந்தச் சிவப்பின் மரபணு இசட்டில் இல்லை, மேலே சொன்ன கணக்கு அதற்குச் செல்லாது. பறக்கும்போது குட்டிக்கரணம் போடும் கர்ணப் புறாக்களிலும் மற்ற அலங்கார வகைகளிலும் இந்த முழுச் சிவப்பு அதிகம் வரும். இரண்டையும் சந்தையில் "ரெட்" என்றே விற்பதால்தான் குழப்பம்.

குஞ்சில் நிறம் எப்போது தெரியும் என்றால், பொரித்த புதிதில் இரண்டும் மஞ்சள் முடியோடு ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு வாரம் கழிந்ததும் இறக்கையிலும் வாலிலும் முள் இறகு கிளம்பும். பத்து, பன்னிரண்டு நாளில் அந்த முள்ளின் நுனி பிரியும்போது நீலக் குஞ்சுக்கு ஸ்லேட் கறுப்பாகவும் ரெட் குஞ்சுக்கு வெளிறிய செம்மையாகவும் இருக்கும். காலில் ரிங் போடுவது அதற்குச் சில நாள் முன்பே நடந்திருக்கும் என்பதால், ரிங் எண்ணோடு பாலையும் அன்றே எழுதி வைத்துவிடலாம்.

ஜோடியை மாற்றிப் போட்டால், அதாவது ஆண் ரெட், பெண் நீலம் என்றால், இந்த வசதி போய்விடும். ஆண் சுத்த ரெட் என்றால் மகனும் மகளும் எல்லாமே ரெட். ஆணுக்குள் நீலம் ஒளிந்திருந்தால் ரெட்டும் நீலமும் பாதிப் பாதி வரும், இரண்டிலும் ஆண், பெண் கலந்திருக்கும். ஆனால் அங்கேயும் ஒரு அடையாளம் உண்டு. உள்ளே நீலத்தை வைத்திருக்கும் ரெட் ஆணின் வால் இறகிலும் பெரிய இறக்கை இறகிலும் மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் விழும். சில இறகுகளில் ஓரமாக ஒரு கீற்று மட்டும் இருக்கும். பெண்ணிடம் ஒரே இசட்தான் இருப்பதால் ரெட்டையும் நீலத்தையும் சேர்த்து வைத்திருக்க அதனால் முடியாது, எனவே அந்தப் புள்ளி அதற்கு வராது. ரெட் புறாவில் மைப்புள்ளி கண்டால் ஆண் என்று தைரியமாகச் சொல்லலாம். குஞ்சு இறகில் இது சில சமயம் இருக்காது, இருந்தாலும் துணுக்காகத்தான் இருக்கும். இறகு உதிர்த்துப் புது இறகு வரும்போது அதிகமாகும், வயதாக ஆக இன்னும் கூடும். ஆகவே புள்ளி இல்லாத ரெட் குஞ்சைப் பெண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சுத்த ரெட் ஆணுக்கும் புள்ளி இருக்காது.

நிறத்தை வெளிறச் செய்யும் மரபணுவும் இசட்டிலேயே இருக்கிறது. கறுப்பை மங்கலாக்கி மண் நிறமாக்குவதும், முழுச் சிவப்பை மஞ்சளாக்குவதும் அதுதான். வெளிறிய ஆணை அடர் நிறப் பெண்ணோடு சேர்த்தால் மகன் எல்லாம் அடர் நிறம், மகள் எல்லாம் வெளிறல். இதில் இறகு முளைக்கும்வரை காத்திருக்கக்கூட வேண்டாம். வெளிறல் குஞ்சு பொரிக்கும்போதே முடி குட்டையாக, ஏறக்குறைய மொட்டையாக இருக்கும். பக்கத்தில் கிடக்கும் அடர் நிறக் குஞ்சுக்கு நீண்ட மஞ்சள் முடி. முட்டை ஓட்டை எடுத்துப் போடும்போதே பால் தெரிந்துவிடும். அமெரிக்காவில் டெக்ஸன் பயனியர் என்று ஒரு இறைச்சிப் புறா இனத்தை இதே போன்ற இன்னொரு இசட் மரபணுவை வைத்தே உருவாக்கினார்கள். அதில் வளர்ந்த ஆண் ஏறக்குறைய வெள்ளை, பெண் நிறமுள்ளது. இந்த நிறக் கணக்குகளைப் புறா வளர்ப்பவர்கள் பல தலைமுறையாகக் கையாண்டுவந்தார்கள். அடிப்படை நிறத்துக்கும் வெளிறலுக்கும் எந்தெந்த மரபணு காரணம் என்பதை யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் பிரித்துக் காட்டினார்கள்.

இரண்டு பெற்றோரும் ஒரே நிறம், அல்லது சந்தையில் வாங்கிய பெற்றோர் தெரியாத குஞ்சு என்றால் நிறம் பெரும்பாலும் உதவாது. பெரும்பாலானவர்கள் நிலைமை அதுதான். ஊர் நம்பிக்கைகள் நுழைவதும் அங்கேதான்.

முதல் முட்டை ஆண், இரண்டாவது பெண் என்பது நம்மூரில் மட்டும் உலவும் பேச்சு இல்லை. புறா பொதுவாக ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகத்தான் இடும், ஆண் முட்டை முதலில் வரும் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவைத்திருக்கிறார். 1915இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் லியோன் கோல், கிர்க்பாட்ரிக் என்ற இருவர் ஏராளமான புறா ஈடுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண், இரண்டு பெண், ஆணும் பெண்ணும் என்று எல்லாமே, காசு சுண்டினால் வருகிற விகிதத்தில்தான் வந்தன. அதாவது ஏறக்குறைய பாதி ஈட்டில் ஆணும் பெண்ணும், கால் பங்கில் இரண்டும் ஆண், கால் பங்கில் இரண்டும் பெண். பாதி ஈடுகளில் ஜோடி அமைந்துவிடுவதால்தான் நம்பிக்கை இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. அமைந்ததைப் பேசுவார்கள், அமையாததை யாரும் பேசுவதில்லை.

பெரிய குஞ்சு ஆண் என்பதும் இதன் தம்பிதான். முதல் முட்டை சாயங்காலம் வரும். இரண்டாவது நாற்பத்து நான்கு மணி நேரம் கழித்து, அதாவது ஒருநாள் விட்டு மறுநாள் மதியத்துக்குப் பக்கம் வரும். இரண்டாவது முட்டை விழும்வரை புறா முழுசாக அடை உட்காராது, மேலே நின்றுகொண்டு காவல்தான் இருக்கும். அப்படியும் முதல் குஞ்சு பாதி நாளோ ஒருநாளோ முந்திப் பொரிந்துவிடும். முந்தியது, பெற்றோர் தொண்டைப் பையிலிருந்து ஊட்டும் புறாப்பாலை முதலில் குடித்துத் தலையைத் தூக்கிவிடும், அடுத்தது பொரியும்போது இது ஏற்கனவே நன்றாக எடை ஏறியிருக்கும். முதல் சில நாள் புறாக் குஞ்சு வளரும் வேகம் அப்படி. ஒரு மாதத்தில் நீங்கள் பார்க்கும் பெரியது, சின்னது வித்தியாசம் பெரும்பாலும் இந்தப் பந்தயத்தின் மிச்சம். பெரிய பெண் குஞ்சும் ஒட்டிய ஆண் குஞ்சும் எந்தக் கூண்டிலும் பார்க்கலாம்.

விரல் அளப்பது இன்னும் வேடிக்கை. முன்பக்கம் இருக்கும் மூன்று விரலில் ஓர விரல் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் சமமாக இருப்பது பெண், ஏறுக்குமாறாக இருப்பது ஆண் என்று ஒரு கட்சி. அதையே திருப்பிச் சொல்லும் இன்னொரு கட்சியும் இருக்கிறது. அலகையும் காலையும் எதிரெதிராக மெல்ல இழுத்தால் வால் தாழ்வது ஆண், வால் தூக்குவது பெண் என்பார்கள். நூலில் ஊசி கட்டித் தலைக்கு மேல் ஆட்டி, வட்டமா நேரா என்று பார்ப்பவர்களும் உண்டு. எதைச் செய்தாலும் பாதித் தடவை சரியாக வரும், அதுதான் இவற்றின் பலம். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேல் மரியாதை இருந்தால் சண்டை போட வேண்டாம். குஞ்சுக்கு ரிங் போடும் அன்று அவர் கணிப்பை ரிங் எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். இருபது குஞ்சுக்கு மேல் சேர்ந்ததும், அவை ஜோடி சேர்ந்து பால் உறுதியான பிறகு, அந்தப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக்குச் சற்று முன்பின்னாகத்தான் சரியாக இருக்கும்.

இவற்றிலிருந்து ஆசனவாயைப் பார்ப்பதைத் தனியாக வைக்கிறேன், ஏனென்றால் அதில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. பொரித்து ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரைதான் பார்க்க முடியும். அதற்கு மேல் முடியும் இறகும் மூடிவிடும். குஞ்சைக் கையில் வைத்து, வால் நுனியை விரலால் லேசாகத் தூக்கி, பின்பக்கமிருந்து ஆசனவாயின் இரண்டு உதட்டையும் பார்க்க வேண்டும். மேல் உதடு கீழ் உதட்டை மூடி முன்னே நீட்டிக்கொண்டு, ஓரம் இரண்டும் மேலே வளைந்திருந்தால் ஆண் என்பார்கள். கீழ் உதடு தூக்கலாக, ஓரம் கீழே தொங்கினால் பெண். பல ஆண்டு கைப்பழக்கம் உள்ளவர்கள் பாதிக்கு மேல் சரியாகச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எச்சமிட்ட உடனே பார்த்தால் ஒரு மாதிரி, அரை மணி கழித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கும் குஞ்சுகளும் உண்டு. ஈட்டில் இரண்டு குஞ்சும் வித்தியாசமாக இருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வாயை மூடிக்கொள்வது நல்லது. பார்க்கும்போது அமுக்கவோ பிதுக்கவோ கூடாது. அந்த வயதுக் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது, ஆகையால் காலைக் குளிரில் எடுத்து வெளியே வைத்துக்கொண்டு ஆராய்ச்சி பண்ணாதீர்கள்.

உங்கள் குஞ்சுகள் அந்த வயதைத் தாண்டிவிட்டன. இனி அடுத்த இரண்டு, மூன்று மாதத்தில் அவையே சொல்லும். ஒரு மாதத்தில் குஞ்சு கீச்சுக் குரலில்தான் கத்தும், இரைக்காக இறக்கையை அடித்துக்கொண்டு யாரைப் பார்த்தாலும் துரத்தும். ஒன்றரை மாதத்துக்கு மேல் பெரிய இறக்கை இறகில் உள்பக்கத்து முதல் இறகு உதிர ஆரம்பிக்கும். அதே காலத்தில் அலகின் மேல் மூக்கருகே உள்ள புடைப்பு வெளுக்கும், கண் மணியின் மங்கல் நிறம் மெல்ல மெல்ல ஆரஞ்சுக்கு மாறும். இரண்டு மாதத்தை ஒட்டிக் குரல் உடையும், கீச்சு போய் உள்ளிருந்து குனுகல் வரும். குனுகுவது ஆண் மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள், பெண்ணும் குனுகும். எப்படிக் குனுகுகிறது, உடம்பு கூடவே என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஆண் குஞ்சு கழுத்தை உப்பிக்கொண்டு, தலையைத் தாழ்த்தித் தாழ்த்தி, குனுகிக்கொண்டே முழு வட்டமாகச் சுற்றும். அடுத்து நிமிர்ந்து, வாலை விரித்துத் தரையில் தேய்த்தபடி நாலு எட்டு எதிராளியை நோக்கி ஓடும். தரையில் வால் உராயும் சரசரப்பு காதில் கேட்கும். பெண் குனுகும்போது குரல் சன்னமாக இருக்கும், தொண்டை சிறிதாக உப்பும், சுற்றினாலும் அரைச் சுற்றோடு நின்றுவிடும், வாலைத் தரையில் இழுப்பது அபூர்வம். நான் முதலில் பார்ப்பது வாலைத்தான். குரலை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. வாலை வைத்துத் தப்பியது குறைவு.

ஆனாலும் மூன்று மாதக் குஞ்சு சுற்றிவிட்டால் ஆண் என்று நோட்டில் மையால் எழுதாதீர்கள், பென்சிலால் எழுதுங்கள். ஆணே இல்லாத கூண்டில் இரண்டு பெண் புறாக்கள் இருந்தால் தைரியசாலி ஆண் வேஷம் கட்டும். சுற்றும், மற்றதைத் துரத்தும், மேலேகூட ஏறும். இரண்டு ஆண் மட்டும் இருந்தால் வயதில் சிறியது அடங்கிப்போய்ப் பெண் மாதிரி நடந்துகொள்ளும். அதனால் குஞ்சைத் தெரிந்த புறாவோடு வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நடுவில் கம்பி வலை உள்ள இரட்டைக் கூண்டு இருந்தால் போதும். ஒரு பக்கம் ஏற்கனவே குஞ்சு இறக்கி நிரூபணமான வளர்ந்த ஆண், மறுபக்கம் உங்கள் நாலு, ஐந்து மாதக் குஞ்சு. குஞ்சு ஆண் என்றால் வலைக்கு இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு நின்று, இறக்கையால் அறைந்து, கம்பியைக் கொத்தும். பெண் என்றால் முதல் நாள் ஒதுங்கி நிற்கும், பிறகு வலை ஓரமாகவே வந்து உட்காரும். ஆண் சுற்றும்போது கழுத்தை நீட்டி மெல்லத் தலையசைக்கும். வலையை எடுத்தபின் இரண்டும் அலகைக் கோத்துக்கொண்டால் யாருடைய அலகு யாருடைய வாய்க்குள் போகிறது என்று கவனியுங்கள். தன் அலகை எதிராளியின் வாய்க்குள் விடுவது பெண், ஊட்டுவது ஆண். வளர்ந்த ஆணிடம் விடும்போது முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். ஆணும் ஆணும் என்றால் கண்ணோரம், தலை எல்லாம் கொத்தி ரத்தம் பார்த்துவிடும்.

வளர்ந்த பிறகும் சந்தேகம் தீராத ஜோடிகள் இருக்கின்றன. கூட்டில் நான்கு முட்டை பார்த்தால் இரண்டும் பெண். ஆளுக்கு இரண்டாக வைத்திருக்கும். ஐந்து, ஆறு நாள் அடைக்குப் பிறகு இருட்டில் செல்போன் விளக்கில் பிடித்துப் பார்த்தால் ரத்த நரம்பு ஓடியிருக்காது. குச்சி பொறுக்குகிறது, கூடு கட்டுகிறது, மாற்றி மாற்றி உட்காருகிறது, மாதக்கணக்காக முட்டை மட்டும் இல்லை என்றால் இரண்டும் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒழுங்காக அடை காக்கும் ஜோடியில் எது எது என்று தெரிய வேண்டுமானால் மதியம் பன்னிரண்டு மணிக்கு மாடிக்குப் போய்ப் பாருங்கள். காலை ஒன்பது, பத்து மணியிலிருந்து மாலை நாலு, ஐந்து மணிவரை உட்காருவது ஆண். மற்ற நேரமும் இரவு முழுவதும் பெண். இந்த முறை மாறுவது அரிது.

அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு எலும்பு நுனிகளின் இடைவெளியைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. முட்டையிட்ட பெண்ணுக்கு விரல் நுனி புகும் அளவு இடைவெளி இருக்கும், ஆணுக்கு நெருக்கமாக, விறைப்பாக இருக்கும். இளம் பெண்ணுக்கும் நெருக்கமாகவே இருக்கும் என்பதால் குஞ்சுக்கு இது பயன்படாது. தலை உருண்டை, கழுத்துத் தடிப்பு, கண் வட்டம் எல்லாம் ஒரே ரத்த வழியில் பல புறாவைப் பார்த்துப் பழகினவருக்குத்தான் உதவும். ஒருவர் கூண்டின் பெண், இன்னொருவர் கூண்டின் ஆணைவிட முரட்டுத் தலையோடு இருப்பது சர்வ சாதாரணம்.

காத்திருக்க நேரமில்லை, விலை உயர்ந்த பந்தய ரத்தம், உடனே தெரிந்தாக வேண்டும் என்றால் டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. குஞ்சு எந்த வயதானாலும் செய்யலாம். சிஎச்டி1 என்ற மரபணு இசட்டிலும் இருக்கிறது, டபிள்யூவிலும் இருக்கிறது, ஆனால் இரண்டிலும் நீளம் வேறு. அந்தத் துண்டைப் பெருக்கிப் பார்த்தால் பெண்ணுக்கு இரண்டு கோடு, ஆணுக்கு ஒரு கோடு விழும். பறவைகளின் பாலை ஆய்வகத்தில் கண்டறிய 1990களின் கடைசியிலிருந்து உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நெஞ்சுப் பக்கத்திலிருந்து நாலைந்து இறகைப் பிடுங்கி அனுப்பினால் போதும். கீழே உதிர்ந்து கிடக்கும் இறகு வேண்டாம், வேரில் சதை ஒட்டியிருக்காது, யாருடையது என்றும் தெரியாது. பிடுங்கும்போது வேர்ப் பகுதியைத் தொடாதீர்கள். ஒவ்வொரு குஞ்சின் இறகையும் தனிக் கவரில் போட்டு அதே நிமிடம் ரிங் எண்ணை எழுதுங்கள். இந்தப் பரிசோதனையில் தவறு வந்தால் பெரும்பாலும் இரண்டு கவர் மாறியதால்தான் வரும். பொரித்த ஓட்டின் உட்புறச் சவ்வை வைத்துக்கூடச் செய்யலாம். ஆனால் எந்த ஓடு எந்தக் குஞ்சுடையது என்று நீங்கள் கூடவே உட்கார்ந்திருந்தால்தான் அது பயன்படும். வீட்டு அழகுக்கு வளர்க்கும் விசிறி வால் லக்காவுக்கு இந்தச் செலவு தேவையில்லை.

குஞ்சாக வாங்கி ஜோடி சேர்க்க நினைப்பவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. சந்தையில் ஒன்றரை மாதக் குஞ்சு இரண்டைக் காட்டி "கன்ஃபார்ம் ஜோடி" என்று விற்றால், அது விற்பவரின் விருப்பம். பாதி வாய்ப்புதான் உண்டு. நாலு குஞ்சு எடுத்தால் எல்லாம் ஒரே பாலாக அமையும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஆறு எடுத்தால் முப்பத்திரண்டில் ஒன்று. ஒரே ஜோடி போதும் என்றால் இவ்வளவு குஞ்சு எடுத்து வளர்ப்பதைவிட, முட்டை வைத்துக் குஞ்சு இறக்கிய ஜோடியை, அடையில் இருக்கும்போது கூட்டோடு நேரில் பார்த்து, கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது மலிவு.

கடைசியாக, உங்கள் ரெட் குஞ்சையும் புளூ குஞ்சையும் ஜோடி போடலாமா என்று கேட்டீர்கள். விட்டுவைத்தால் தாமாகவே சேர்ந்துவிடும், அண்ணன் தங்கை என்றெல்லாம் புறா பார்க்காது. ஒரு நல்ல ரத்தத்தைக் கட்டிவைக்க வேண்டும் என்று தெரிந்து செய்கிற வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பலவீனமான குஞ்சுகளைக் கழிக்க அவர்கள் தயாராக இருப்பார்கள். முதல் ஜோடி வைத்திருக்கும் உங்களுக்கு அது வேண்டாம். நாலு மாதத்தில் இரண்டையும் தனித்தனிக் கூண்டில் விடுங்கள், ஐந்தாறு மாதத்தில் பெண் முட்டைக்குத் தயாராகிவிடும். தெரிந்தவரிடம் புளூ பெண்ணைக் கொடுத்து வேறு ரத்தத்தில் ஒரு புளூ பெண்ணை மாற்றி வாங்கினால் ரெட் ஆணுக்குத் துணை கிடைக்கும். ஆனால் அந்த ஜோடியில் நிறத்தை வைத்துப் பால் சொல்ல முடியாது. உங்கள் ரெட் ஆண் உள்ளே நீலத்தை வைத்திருப்பதால் மகனும் மகளும் இரண்டு நிறத்திலும் வருவார்கள். நிறக் கணக்கு தொடர வேண்டும் என்றால், ஒரு புளூ ஆணையும் ஒரு ரெட் பெண்ணையும் வெளியிலிருந்து தேடுங்கள். ரெட் குஞ்சின் வாலை மட்டும் அடுத்த இறகு உதிர்ப்பு முடிந்ததும் விரித்துப் பாருங்கள். மைப்புள்ளி விழுந்திருந்தால், அது ஆண்தான் என்பதற்கு இன்னொரு சாட்சி.